கீழே வைக்கக் கூடாத பை

போலீஸ் கையைக் காட்டினால் எனக்கு முதலில் வேர்ப்பது உள்ளங்கை. பிறகு கழுத்து. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் காலர் நனைந்துவிடும். சுக்கு மூட்டை, மிளகு மூட்டை தவிர வேறு எதையும் நான் ஏற்றியதில்லை. லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் காலாவதி ஆகும் முன்பே புதுப்பித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கை எட்டும் இடத்தில் வைத்திருப்பேன். இருந்தும் வேர்க்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேள்வி கேட்கிற யாரைப் பார்த்தாலும், நான் படிக்காத பாடத்திலிருந்துதான் கேட்கப் போகிறார் என்று தோன்றும்.

என்னுடையது சின்ன லாரி. நம் ஊரில் குட்டியானை என்பார்களே, அது. மட்டாஞ்சேரி ஜூ டவுன் பக்கத்துக் கிட்டங்கிகளில் மூட்டை ஏற்றி, வெலிங்டன் தீவுக்கோ எர்ணாகுளம் மார்க்கெட்டுக்கோ கொண்டுபோய் இறக்குவேன். இந்த ஓட்டத்தில் போலீஸ் சோதனை முன்னைவிட இப்போது அதிகம். முன்பெல்லாம் சாராயம் தேடுவார்கள். சாராயம் என்றால் கேன் வேண்டும், பாட்டில் வேண்டும், ஒளித்து வைக்க இடம் வேண்டும். இப்போது தேடுவது போதைப் பொடி. உப்புப் பொட்டலத்தில் கால்வாசி இருந்தாலே ஒரு ஆளின் ஆயுசே ஜெயிலில் போய்விடுமாம். அதனால் எங்கும் பார்க்கிறார்கள். டூல் பெட்டி, சீட்டுக்கு அடி, சோற்றுப் பாத்திரம் வரைக்கும். அவர்கள் வேலை அது. எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் வேர்ப்பது நிற்பதில்லை.

என்னிடம் ஒரு வியாதி உண்டு. கேட்பதற்கு முன்பே திறந்து காட்டிவிடுவேன். ஒரு தடவை தோப்பும்படி சந்திப்பில் ஒரு போலீஸ்காரர் லைசென்ஸ் மட்டும் கேட்டார். நான் லைசென்ஸைக் கொடுத்து, சீட்டைத் தூக்கிக் காட்டி, டூல் பெட்டியைத் திறந்து, தூக்குச்சட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். உள்ளே புளிச்சோறு. அவர் சோற்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு அரைமணி நேரம் வண்டியைக் குடைந்தார். ஒன்றும் கிடைக்காமல் போனதும் அவருக்கே ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். "எந்தினா சேட்டா இத்ர பேடி?" என்று கேட்டார். எதற்கு இவ்வளவு பயம் என்று. எனக்கே தெரிந்தால் சொல்லியிருப்பேனே.

அன்றைக்கு என் பின்னால் வந்த வண்டியில் என் சேக்காளி இருந்தான். தென்காசிப் பக்கத்துக்காரன். ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில்தான் எப்போதும் அவன் வண்டி நிற்கும். நடந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, சாயாக்கடையில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தான்.

"ஏல மச்சான், அவரு லைசென்ஸ்தான கேட்டாரு? நீ எதுக்குல வயித்தக் கிழிச்சுக் காட்டுத?"

"மறைக்கதா நெனச்சிருவாங்கன்னுதான்."

"இப்ப மட்டும் என்ன நெனச்சாராம்? இவன் இவ்ளோ காட்டுதானே, அப்ப காட்டாதது எங்க இருக்குன்னு நெனச்சாரு. நீ வண்டி ஓட்டுதியா, வாக்குமூலம் குடுக்கியா?"

கடைக்காரச் சேட்டன் உள்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

அவனை நிறுத்தும்போது பார்க்க வேண்டும். இன்ஜினை அணைப்பான். சாவியை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைப்பான். மெதுவாக இறங்குவான். மெதுவாகத்தான் அவனால் இறங்க முடியும். பல வருஷத்துக்கு முன்னால் லாரியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். மழை வரப்போகிறது என்றால் ரேடியோவுக்கு முன்னால் அவன் கால் சொல்லிவிடும். இறங்கி, தேடுகிறவரின் கை தெரிகிற இடத்தில் நிற்பான். கேட்டதற்கு மட்டும் பதில். "பாருங்க ஸார். நானே திறந்து காட்டுதேன்" என்பான். எதையும் அவன் கையால்தான் திறப்பான்.

ஒரு நாள் அவன் வண்டியில் மிளகு மூட்டை ஒன்றைக் கத்தியால் கீறிப் பார்த்தார்கள். ரோட்டில் மிளகு கொட்டியது. நானாக இருந்தால் அதற்கும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவன் சத்தம் போடவில்லை. "பார்த்தது சரி ஸார். கீறினது நீங்கன்னு ஒரு வரி எழுதித் தாங்க, மொதலாளிகிட்டக் காட்டணும்" என்றான். அந்த அதிகாரி கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு எழுதவும் இல்லை, திட்டவும் இல்லை. குனிந்து மூட்டையின் கீறலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இவன் கோணி ஊசியை எடுத்துத் தைத்து முடிக்கும்வரை பிடித்தபடி நின்றார்.

எர்ணாகுளம் கோர்ட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா அவனுக்குப் பழக்கம். அவரிடம் கேட்டு வந்து எங்களிடம் சொல்வான். பார்க்க வேண்டும் என்றால் தடுக்காதே, ஓடாதே, கையைப் பிடிக்காதே. எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம், தப்பில்லை. எடுத்துக்கொண்டு போனால் எழுதி வாங்கு. பொம்பளை ஆள் இருந்தால் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும். நான் தலையை ஆட்டுவேன். அடுத்த தடவை நிறுத்தினால் எல்லாம் மறந்துபோகும்.

அவன் போன மழைக்காலத்தில் செத்துப்போனான். மூட்டைக்கு மேல் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவன், கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். பாலம் ஏறும்போது பேசினான். இறங்கும்போது பேச்சில்லை.

பையன் வளைகுடாவில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வர முடியவில்லை. செல்போனில் பார்த்தபடி அழுதான். கொள்ளி வைத்தது ஊரிலிருந்து வந்த பங்காளி ஒருவர். அவரும் மறுநாள் சாம்பல் எடுத்த கையோடு ரயில் ஏறிவிட்டார். சாம்பல் எடுக்கப் போனது அவரும், நானும், ஸ்டாண்டில் இன்னொரு ஆளும். பாலும் தண்ணீரும் தெளித்து, கால் பக்கத்திலிருந்து ஆரம்பித்து எலும்பு பொறுக்கினோம். அப்போது அந்தத் தகடு கிடைத்தது. ஆணியோடு, கறுத்துப்போய். இதை என்ன செய்வது என்று மூன்று பேரும் முழித்தோம். "அவன்கூடத்தான இருந்துச்சு, கூடவே போகட்டும்" என்று பங்காளி சொன்னதால் கலயத்தில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டினோம்.

அவன் சம்சாரம் இதையெல்லாம் பார்க்கவில்லை. எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்கு வர மாட்டார்கள். அவள் கிட்டங்கியில் சுக்குப் பொறுக்குகிற வேலை பார்க்கிறவள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். வீட்டை விட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது பார்த்ததுதான் அவள் கடைசியாகப் பார்த்தது.

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆற்றில் கரைக்கும்வரை தரையிலும் வைக்கக் கூடாது. மரத்தில் தொங்கவிட வேண்டும். மட்டாஞ்சேரிச் சந்து வீடுகளில் மரத்துக்கு எங்கே போவது? கிட்டங்கியின் பின்கட்டில் ஒரு மாமரம் உண்டு. அங்கே கட்டிக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். ஒருநாள் காற்றும் மழையும் அடித்ததில் கலயத்து வாயில் கட்டிய துணி இளகிவிட்டது. சுக்குப் பொறுக்கும் பெண்கள் அதைப் பார்த்துப் பதறி, தங்களுக்குத் தெரிந்த முறையில் பத்திரப்படுத்தினார்கள். கப்பலில் போகும் சரக்குக்குச் சாம்பிள் அனுப்புவார்கள் அல்லவா, அதற்கென்று புதுக் காடாத் துணியில் தைத்த வெள்ளைப் பைகள் உண்டு. கிட்டங்கியில் இருப்பதிலேயே நல்ல துணி அதுதான். அதில் ஒன்றில் கலயத்தை இறக்கி, வாயை அழகாகத் தைத்துவிட்டார்கள்.

பையின் மேல் நீல மையில் சுக்கு என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. கீழே சரக்கின் தரம், எண். அந்தப் பெண்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தினமும் நூறு பையைத் தொடுகிறவர்களுக்கு அந்த அச்சு துணியின் நெசவு மாதிரி. நானும் கவனிக்கவில்லை.

ஆலுவாவில் பெரியாற்றில் கரைப்பதாக ஏற்பாடு. அவனுடைய பையன் இடத்தில் நான் ஆற்றில் இறங்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். காலையில் என் வண்டியைக் கழுவி, பின்னால் கிடந்த காலிச் சாக்குகளைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். தங்கச்சி வந்து முன்சீட்டில் ஏறி, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் குண்டு குழி வந்தால் இரண்டு கையாலும் பையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வாள்.

தீவுக்குப் போகும் தோப்பும்படிப் பாலத்தின் இறக்கத்தில் சோதனை. கையைக் காட்டினார்கள்.

இன்ஜினை அணைத்தேன். ஒரு இளம் போலீஸ்காரர் ஜன்னலுக்கு வந்தார்.

"எவிடேக்கா?"

"ஆலுவாக்கு ஸார்."

"லோடு?"

"இல்ல ஸார். காலி."

"காலி வண்டியும் கொண்டு ஆலுவாக்கோ?"

சிரித்து வைத்தேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். "சேட்டன் நல்லோணம் வேர்க்குன்னுண்டல்லோ."

"வெயில் ஸார்."

வானம் கறுத்துக் கிடந்தது. மழை எந்த நிமிஷமும் இறங்கும் போலிருந்தது. அவரும் ஒரு தடவை மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, தங்கச்சி மடியைப் பார்த்தார். பையின் மேலிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். அப்போதுதான் எனக்கும் அது கண்ணில் பட்டது.

"சுக்கா? காலின்னு பறஞ்ஞிட்டு? பில் எவிடே?"

சுக்கு என்றால் பில் வேண்டும். சுக்கு இல்லை என்றால் ஏன் அப்படி அச்சடித்திருக்கிறது? எதைச் சொன்னாலும் பொய் மாதிரித்தான் இருக்கும் என்று தெரிந்தது. வாயில் வந்தது வந்தபடி வந்துவிட்டது.

"சுக்கு இல்ல ஸார். அது... அவங்க வீட்டுக்காரர்."

அவர் முகம் மாறியது. "எந்தா, ஆளைக் களியாக்குவாணோ?" என்றார். நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். என்னைக் கீழே இறங்கச் சொன்னார், இறங்கினேன். எஸ்.ஐ. ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். நடுத்தர வயது. விஷயத்தை இளைஞர் சொன்னதும் என்னிடம் திரும்பி, தமிழா என்று கேட்டுவிட்டு, பாதித் தமிழில் பேசினார்.

"உள்ளே என்ன?"

"அஸ்தி ஸார். என் சேக்காளியோடது. இவங்க அவன் சம்சாரம். ஆத்துல கரைக்கக் கொண்டு போறோம்."

"அஸ்தின்னா எதுக்கு இந்த மார்க்?"

"அவங்க வேலை பார்க்குற எடத்துல தைச்சுக் குடுத்த பை ஸார்."

"பொடிய எந்தெல்லாம் வழியில கொண்டுபோறாங்கன்னு தெரியுமோ உனக்கு? அஸ்திக் கலசத்திலும் வரும். சவப்பெட்டியிலும் வரும்." அவர் அதட்டவில்லை. களைத்துப்போன குரல். "எடுத்துக் கீழ வை. திறக்கணும்."

தங்கச்சி பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "அண்ணே, கீழ வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். இளைஞர் கதவுப் பக்கம் போய்க் கையை நீட்டினார். அவர் பிடித்து இழுத்து, இவள் விடாமல் இருந்து, கலயம் தார் ரோட்டில் விழுந்தால்? என் சேக்காளி தோப்பும்படிப் பாலத்தின் இறக்கத்தில், டயர்களுக்கு நடுவே, வரப்போகிற மழையில். அதை நினைத்ததும் என் தொண்டையிலிருந்து குரல் வந்துவிட்டது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"ஸார், ஒண்ணு சொல்லட்டுமா? திறக்குறதுக்கு நாங்க எதிர்ப்பு சொல்லல. தாராளமாப் பாருங்க. ஆனா பொம்பள ஆள் கையில இருக்கு. ஒரு பெண் போலீஸ் வந்து பார்க்கட்டும். அவங்க மடியிலயே இருக்கட்டும். அவங்க கையால அவங்களே திறந்து காட்டட்டும். தரையில மட்டும் வேண்டாம் ஸார்."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, இது எல்லாமே அவன் சாயாக்கடையில் சொன்னது என்று. ஒன்றும் மறந்துபோயிருக்கவில்லை.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். என் நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கவில்லை. கையைத் தூக்கினால் எதுவும் தப்பாகிவிடுமோ என்று பயம். பிறகு அவர் எதிர்ப்பக்கம் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெண் போலீஸைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் வந்து, கதவருகே நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சேச்சி, பேடிக்கண்டா. ஞான் தொடில்லா. சேச்சி தன்னே துறந்நா மதி."

பயப்படாதே, நான் தொட மாட்டேன், நீயே திறந்தால் போதும் என்றதும் தங்கச்சி பையைப் பழையபடி மடியில் இறக்கினாள். தையலின் ஒரு முனையைத் தேடி இழுத்தாள். நூல் சர்ரென்று முழுவதும் உருவிக்கொண்டு வந்தது. உள்ளே கலயமும் மஞ்சள் துணியும். துணியின் முடிச்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நான் பார்க்கலாமா?"

போலீஸ் பார்க்கலாமா என்று அவள் கேட்கவில்லை. நான் அதுவரை போலீஸைத் தவிர வேறு யாரையும் நினைக்கவில்லை. அவள் பார்க்காமலே அவன் ஆற்றோடு போய்விட வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் ஏற்பாடு செய்திருந்தோம். அதுதான் வழக்கம், அதுதான் அவளுக்கு நல்லது என்று நினைத்திருந்தோம். தலையை ஆட்டினேனா இல்லையா என்று இப்போதும் நினைவில்லை.

அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

சாம்பல். வெள்ளை வெள்ளையாய் எலும்புத் துண்டுகள். கருகிய பூ ஒன்று. நடுவில் செருகினது போல அந்தத் தகடு. பெண் போலீஸ் குனிந்து பார்த்தார். இரும்பைக் கண்டதும் எஸ்.ஐ.யும் ஒரு எட்டு முன்னால் வந்தார். "அதெந்தா?"

தங்கச்சி யாரையும் பார்க்கவில்லை. விரலால் அந்தத் தகட்டைத் தொட்டாள். ஆணி ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"கால்ல வச்சது" என்றாள். "இவ்ளோ பெருசா? ஒரு விரக்கடைதான்னுல்லா என்கிட்டச் சொன்னாரு." மழைத் தூறல் ஒன்று இரண்டு கண்ணாடியில் விழுந்தது. "மேகம் கறுத்தாப் போதும், ராத்திரி பூரா காலப் புடிச்சிட்டு இருப்பாரு. ஒண்ணும் இல்லட்டி, தூங்குன்னு சொல்லுவாரு."

பெண் போலீஸ் நிமிர்ந்து, ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். "அடைச்சோ. மழை வருன்னு" என்றார் எஸ்.ஐ., மூடிக்கொள்ளச் சொல்லி. பிறகு என்னிடம், "அந்த மார்க் உள்ள பையில இனிமே போட்டுக் கொண்டுபோகாதே. வேற ஆளா இருந்தா இன்னைக்கு ஸ்டேஷன்ல இருந்திருப்ப" என்றார். கோபமாகச் சொன்னாரா, நல்லதுக்குச் சொன்னாரா, தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். இளைஞர் மட்டும் விடவில்லை. லைசென்ஸைப் பார்த்தார், புகைச் சான்றைப் பார்த்தார், பின்னால் ஏறிச் சாக்குகளை உதறிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன். அவர் கை தெரிகிற இடத்தில்தான் நின்றேன்.

வண்டியை எடுத்த பிறகும் தங்கச்சி கலயத்தை மூடவில்லை. சேலைத் தலைப்பை மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள், மழை படாமல். அவ்வப்போது விலக்கிப் பார்த்தாள். இடப்பள்ளி தாண்டும்போது, "கட்டணுமா தங்கச்சி, நிறுத்தட்டா?" என்று கேட்டேன். "வேண்டாண்ணே. இருக்கட்டும்" என்றாள்.

ஆலுவா மணற்புறத்தில் பலி கொடுக்க, அதாவது இறந்தவர்களுக்குப் பிண்டம் வைக்க, கூட்டம் இருந்தது. இங்கே மலையாளிப் பெண்கள் ஈரச் சேலையோடு வரிசையில் உட்கார்ந்து தாங்களே பலி இடுவார்கள். வருஷக்கணக்காகப் பார்க்கிறோம், அது அவர்கள் வழக்கம் என்று நினைத்துக்கொள்வோம். நான் சட்டையைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டித் தயாராக நின்றேன். காரியம் செய்துவைக்கிறவர், யார் இறங்குவது என்று கேட்டார்.

"நான்" என்றாள் தங்கச்சி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "பார்த்தாச்சுல்லண்ணே. இனி என்ன" என்றாள்.

இடுப்பளவு தண்ணீர்வரை போனாள். மழையில் ஆறு செம்மண் நிறமாக இருந்தது. கலயத்தைச் சாய்த்தபோது சாம்பல் கொஞ்ச தூரம் வெள்ளையாய் மிதந்து போய்க் கலந்தது. கடைசியில் தகடு கலயத்துக்குள் தங்கிவிட்டது. கையில் எடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்ல முடியாது. கரையில் நின்ற எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு குனிந்தாள். நிமிர்ந்தபோது இரண்டு கையும் காலி.

திரும்பும்போது பகல் சாய்ந்திருந்தது. தீவைத் தாண்டிப் பாலத்தில் ஏறும் இடத்தில், இந்தப் பக்கம் வருகிற வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்த்த அதே இளைஞர். கையைக் காட்டினார்.

ஓரம் கட்டினேன். இன்ஜினை அணைத்தேன். சாவியை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். உள்ளங்கை வேர்த்தது, பிறகு கழுத்து. வாயைத் திறக்கவில்லை. அவர் ஜன்னலுக்கு வந்து என்னையும் அடையாளம் கண்டுகொண்டார், அவளையும். என்ன கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

தங்கச்சிதான் அசைந்தாள். மடியில் மடித்து வைத்திருந்த அந்த வெள்ளைப் பையை எடுத்து உதறினாள். ஆற்றில் அலசியிருந்தாள், ஈரமாக இருந்தது. அதன் வாயை இரண்டு கையாலும் விரித்து, உள்ளே அடிவரை தெரியும்படி, ஜன்னல் பக்கம் அவருக்குக் காட்டினாள்.

அவர் பார்த்தார். பிறகு இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, போகலாம் என்று கையைக் காட்டினார்.